வியாழக்கிழமை வந்த வெள்ளிக்கிழமைத் தண்ணீர்

நான் வேலை பார்த்த மென்பொருள் கம்பனியில் பழைய திட்டம் ஒன்றை முழுதாகக் கலைத்துப் புதிதாக எழுதுகிறார்கள். அதை ஆதியில் எழுதியவர்களில் ஊரில் மிஞ்சியிருப்பவள் நான் என்பதால், போன மாதம் அங்கிருந்து தொலைபேசி எடுத்தார்கள். மூன்று சந்தேகங்கள். இரண்டுக்கு அங்கேயே பதில் சொல்லிவிட்டேன். மூன்றாவது இது: "அக்கா, இந்தப் பக்கத்தில இருந்து சேர்வருக்குப் போற தேதிய ஏன் வெறும் எழுத்தா அனுப்புறீங்க? ஜாவாஸ்கிரிப்ட் தன்ட பாட்டில அனுப்புமே. நேரா மாத்தி விடட்டா?"

"மாத்தாதீங்க. பிறகு எழுதி அனுப்புறன்" என்றேன். எழுதத் தொடங்கியபோது அது ஒரு பந்தியில் அடங்கவில்லை.

என் பெயர் ஜெசிந்தா. மட்டக்களப்பு நகரத்தில் பிறந்து வளர்ந்து, ஒரு பயிற்சி நிலையத்தில் தட்டச்சு சொல்லிக்கொடுத்து, பிறகு தரவுப் பதிவாளராகி, நாற்பது வயதைத் தாண்டிய பிறகு நிரல் எழுதக் கற்றுக்கொண்டவள். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மகள் பாடசாலைக்குப் போனபின் வீட்டில் இருந்து படித்தேன், நிறையப் பிழை விட்டேன், ஒரு நாள் ஒரு சின்னக் கம்பனியில் வேலை கிடைத்தது. அங்கே எனக்கு மேலே இருந்தவர் ஹஸ்னா. காத்தான்குடிப் பிள்ளை, என்னைவிடப் பதினைந்து வயதாவது இளையவர். கணவரோடு டோஹாவில் சில வருடம் இருந்து, அங்கே வேலை பார்த்துத் திரும்பியவர். நான் அவரை அலுவலகத்தில் மிஸ் என்பேன். அவர் என்னை அக்கா என்பார். யார் யாருக்கு மேலே என்பதில் இருவருக்கும் ஒரு நாளும் குழப்பம் வரவில்லை.

ஹஸ்னாவின் வேலை முறை வித்தியாசமானது. பிழை ஒன்று வந்தால் அவர் நம்முடைய விசைப்பலகையைத் தொடவே மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொள்வார்.

"என்ன கண்டீங்க, அக்கா?"

"அந்த இடத்தில வெறுமையா வந்திருக்கும் மிஸ், அதாலதான்..."

"'இருக்கும்' வேணாம். கண்டீங்களா?"

கண்டிருக்க மாட்டேன். அவர் எழுந்து போய்விடுவார். கண்டுவிட்டுக் கூப்பிட்டால் திரும்பி வருவார்.

இந்தத் தொழிலில் இல்லாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். போனிலோ கணினியிலோ ஒரு பக்கத்தைத் திறந்து, விபரங்களைப் போட்டு, அனுப்பு என்று அமத்துகிறோம். அந்தப் பக்கத்துக்குள் ஓடுகிற ஜாவாஸ்கிரிப்ட் அந்த விபரங்களை ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்பும். தூரத்தில் இருக்கிற சேர்வரில் அதை வாங்குகிற பகுதிக்குக் கன்ட்ரோலர் என்று பெயர். வாசலில் நிற்பது மாதிரி. என்ன வந்தது, சரியாக வந்ததா, யாரிடம் கொடுக்க வேண்டும் என்று பார்ப்பது அதன் வேலை. ஹஸ்னா பக்கத்தை எழுதுவார். நான் கன்ட்ரோலரை எழுதுவேன். அனுப்புகிறவர் அவர், வாங்குகிறவள் நான்.

எங்கள் முதல் பிழையே அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நடந்தது. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், வட்டை எனப்படும் வயல் தொகுதிகள் சிலவற்றின் விவசாயிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருந்தார்கள். எந்த வட்டைக்கு எந்த நாளில் குளத்துத் தண்ணீர் வேண்டும் என்பதை அந்தந்த வட்டைக்குப் பொறுப்பான விதானைமார் போனிலேயே கேட்க, துருசு என்னும் குளத்து மதகைத் திறக்கிறவர் தன் போனில் பார்த்துத் திறந்துவிட ஒரு ஏற்பாடு. அதைச் செய்து கொடுக்கும் வேலை எங்களுக்கு வந்தது. முதல் நாள் சோதனையில் எல்லாம் போனது, எல்லாம் வந்தது, வட்டையின் பெயர் மட்டும் வெறுமை. பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தேன். பெயர் உள்ளே இருந்தது. ஆனாலும் என் கன்ட்ரோலர் வெறுமை என்றது. அரை நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வட்டை என்பதை ஆங்கில எழுத்தில் எழுதும்போது ஹஸ்னா டபிள்யூவில் தொடங்கியிருந்தார், நான் வீயில் தொடங்கியிருந்தேன். கன்ட்ரோலர் வீயில் தொடங்கும் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டு நின்றது, வந்தவர் டபிள்யூ. கூப்பிட்ட பெயர் வேறு என்றால் வந்தவர் பதில் சொல்ல மாட்டார், கன்ட்ரோலரும் யாரும் வரவில்லை என்று சொல்லிவிடும். இரண்டு பேரும் சிரித்தோம். ஒரே சொல்லை ஒரே ஊர்ப் பக்கத்து இரண்டு பெண்கள் இரண்டு விதமாக எழுதுவார்கள் என்று யார் நினைத்தது?

இதற்கு அடுத்த வருடம், சிறுபோக வெட்டு நேரத்தில் நடந்ததுதான் நான் சொல்ல வந்த கதை.

பழுகாமத்துப் பக்கம் ஒரு கீழ் வட்டை. அதன் விதானை பூபாலப்பிள்ளை. அறுபதைக் கடந்தவர், பேச்சு குறைவு, பல வருடமாக அந்தப் பொறுப்பில் இருப்பவர். அதே வாய்க்காலில் அதற்கு மேலே இன்னொரு வட்டை. அங்கே பெரிய காணிக்காரர் கந்தப்போடியார். மேல் வட்டையில் முந்தி விதைத்ததால் நெல் முற்றி வெட்டுக்கு நின்றது. கீழ் வட்டையில் பிந்தி விதைத்ததால் அங்கே பயிருக்குக் கடைசித் தண்ணீர் வேண்டும். இரண்டு தரப்பும் பேசி ஒரு நாளைத் தீர்த்துக்கொண்டார்கள்: வியாழக்கிழமை மேலே வெட்டு முடிந்துவிடும், வெள்ளிக்கிழமை கீழே தண்ணீர் போகலாம்.

வியாழன் காலை கந்தப்போடியாரின் ஆட்கள் வெட்டு மெசின் வயலுக்குள் இறங்குவதற்காக வாய்க்காலின் ஒரு இடத்தை மண் போட்டு நிரவினார்கள். பின்னேரம் அந்த மண்ணை அள்ளிவிடுவது என்பது எண்ணம். மத்தியானம் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. நிரவிய மண்ணில் முட்டி, போக வழியில்லாமல் வரம்பை உடைத்து வயலுக்குள் பாய்ந்தது. பாதி வெட்டிய வயலில் மெசின் சேற்றில் இறங்கி நின்றுவிட்டது. வெட்டாத நெல் சாய்ந்தது.

துருசு திறந்தவர் தன் போனைக் காட்டினார். கீழ் வட்டை, வியாழக்கிழமை என்று அதில் இருந்தது. கூட்டமைப்பின் கணினியிலும் அதேதான். பூபாலப்பிள்ளை விதானையார் சொன்னது ஒரே ஒரு வசனம்: "நான் வெள்ளிக்கிழமைதான் போட்ட நான்." யாரும் கேட்கவில்லை. தன் வட்டைக்கு முந்தித் தண்ணீர் எடுக்கப் பார்த்தார், பேசினதை மீறினார் என்று கதை ஊர் முழுதும் பரவிவிட்டது. அடுத்த ஞாயிறு கூட்டம் கூடி அவரை விதானைப் பொறுப்பிலிருந்து எடுப்பது என்று தீர்மானம்.

எங்களுக்கு வந்தது ஒரு சாதாரணக் கேள்வி: பதிவு சரிதானா என்று கூட்டமைப்புக்கு உறுதிப்படுத்தித் தர வேண்டும். எங்கள் முதலாளி நல்ல மனிதர், ஆனால் அவசரக்காரர். "பதிவில வியாழன் எண்டா வியாழன்தான். அவர் பிழையா அமத்தியிருப்பார். அப்பிடி எழுதிக் குடுங்க" என்றார்.

ஹஸ்னா சொன்னார், "எழுதலாம், சேர். என்ன நடந்த எண்டு தெரிஞ்ச பிறகு எழுதுவம்."

"என்ன நடந்திருக்கும்? வயசான மனுசன், சின்னப் போன்."

"'இருக்கும்' எண்டுதான் நீங்களும் சொல்லுறீங்க, சேர்."

முதலாளிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். பக்கத்தைத் திறந்தால் தேதி இருக்கும் இடத்தில் அன்றிலிருந்து இரண்டாம் நாள் தானாகவே நிற்கும். துருசு திறக்கிறவருக்கு ஒரு நாள் அவகாசம் கொடுக்க அப்படி வைத்திருந்தோம். நான் அனுப்பினேன், சரியான நாளாகவே வந்தது. ஹஸ்னா அனுப்பினார், சரியாக வந்தது. போனில் அனுப்பினோம், கணினியில் அனுப்பினோம், தொடர்பு விட்டு விட்டு வருகிற இடத்தில் நின்றும் அனுப்பினோம். எல்லாம் சரி. நான் என் கன்ட்ரோலரை வரி வரியாக வாசித்தேன். வந்த தேதியை எடுக்கிறது, வைக்கிறது. அதில் ஒளிவதற்கு இடமே இல்லை.

பிறகு பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது ஒரு எண்ணம் வந்தது. வேறு இரண்டு மூன்று விதானைமாருக்குப் போன் எடுத்துக் கேட்டேன்: கேட்ட நாளுக்கு முந்தித் தண்ணீர் வந்தது உண்டா?

ஒருவர் சொன்னார், "ஓம், வரும். நல்ல மனுசன் அந்தத் துருசுக்காரர். சில நேரம் ஒரு நாள் முந்தியே விட்டுருவார்."

"நீங்க ஏன் எங்களுக்குச் சொல்லல்ல?"

"தண்ணி முந்தி வந்ததுக்கும் ஆரும் முறைப்பாடு வைப்பாங்களா, தங்கச்சி?"

ஒரு பூட்டுக்குள் திறப்பு லேசாக அசைவதுபோல் ஒரு உணர்வு. எல்லோருக்கும் முந்தி வரவில்லை. வந்தவர்களுக்கும் எப்போதும் முந்தி வரவில்லை. முந்தியபோதெல்லாம் ஒரே ஒரு நாள்தான். பிந்தியது ஒரு தடவைகூட இல்லை. கை தவறி அமத்துகிறவர்கள் இரண்டு பக்கமும் தவறுவார்கள் அல்லவா? இது ஒரு பக்கமாகவே சாய்ந்தது.

"மிஸ், நான் போய் அவர் அமத்துறதக் கண்ணால பாக்கப் போறன்" என்றேன்.

"போங்க. ஒண்டும் சொல்லிக் குடுக்காதீங்க. பாத்துட்டு மட்டும் வாங்க."

செவ்வாய்க்கிழமை காலை பஸ்ஸில் களுவாஞ்சிக்குடியில் இறங்கி, அங்கிருந்து முச்சக்கரவண்டியில் பாலம் கடந்து போனேன். வாவி அன்று அசையாமல் கிடந்தது. மடியில் மடிக்கணினி, கையில் ஒரு வயர். போனை அந்த வயரால் மடிக்கணினியோடு இணைத்தால், போனில் இருக்கும் பக்கம் வெளியே என்ன அனுப்புகிறது என்பதை எழுத்துக்கு எழுத்து மடிக்கணினியில் பார்க்கலாம்.

விதானையார் வீட்டில் என்னை வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கம்பனியிலிருந்து வருகிறேன் என்றதும் அவர் மனைவிதான் கதிரை எடுத்துப் போட்டார்.

"தங்கச்சி, நான் பொய் சொன்னன் எண்டு எழுதிக் குடுக்கத்தான் வந்தீங்களா?" என்று கேட்டார் விதானையார்.

"இல்ல, அண்ணன். என்ன நடந்த எண்டு எனக்குத் தெரியாது. தெரியாமக் கிடக்கிறது எனக்குப் பெரிய கரைச்சலா இருக்கு."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்ததோ என்னவோ, உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தார்.

சோதனைக்காக நாங்கள் வைத்திருந்த, உண்மையில் இல்லாத ஒரு வட்டையின் பெயரில் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். எப்போதும் செய்வதுபோல் செய்யுங்கள், எந்த நாளைக் கேட்டாலும் சரி என்றேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். இரண்டாம் நாள் வியாழக்கிழமை. அது தானாகவே நின்றது. அவர் அதைப் பார்த்தார், பிறகு விரலால் தேதியைத் தொட்டார். சின்ன நாட்காட்டி ஒன்று விரிந்தது. அதில் வெள்ளிக்கிழமையைத் தேடி, மெதுவாக அமத்தி, சரியாக விழுந்ததா என்று போனைத் தூக்கிப் பார்த்து, பிறகுதான் அனுப்பினார்.

"அண்ணன், அண்டைக்கும் இப்பிடித்தானா? நீங்க அனுப்பினது புதன்கிழமை, அண்டைக்குத் தானா நிண்டதே வெள்ளிக்கிழமைதானே?"

"வெள்ளிதான் நிண்ட. எண்டாலும் நான் தொட்டுத்தான் போட்ட நான். தானா வந்து நிக்கிறத்த அப்பிடியே விடுறது என்ட பழக்கமில்ல. எத்தினை பேர்ட வயல். நானே பாத்து நானே போடணும்."

நானும் ஹஸ்னாவும் அலுவலகத்தில் எத்தனையோ தடவை அனுப்பிப் பார்த்திருந்தோம். தேதி தானாகவே சரியாக நின்றதால் இருவரும் ஒரு தடவைகூட நாட்காட்டியைத் தொட்டிருக்கவில்லை.

மடிக்கணினியைப் பார்த்தேன். பொட்டலம் போயிருந்தது. அதற்குள் தேதி என்ற இடத்தில் வெள்ளிக்கிழமை இல்லை. வியாழக்கிழமைத் தேதியும், அதை ஒட்டிப் பின்னேரம் ஆறரை மணி என்ற நேரமும், முடிவில் இசட் என்ற ஒற்றை எழுத்தும் இருந்தன. அவர் ஆறரை என்று எங்கும் போடவில்லை. அந்தப் பக்கத்தில் மணி போடுவதற்கு இடமே கிடையாது.

ஹஸ்னாவுக்குப் போன் எடுத்தேன்.

"என்ன கண்டீங்க, அக்கா?"

வாசித்தேன்.

"இப்ப தேதியத் தொடாம ஒருக்கா அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

விதானையாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை, என்றாலும் செய்தார். இந்த முறை வியாழக்கிழமை வியாழனாகவே போனது. ஆனால் நேரம் காலை ஐந்து மணி சொச்சம். சுவரில் இருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பத்தரை தாண்டிவிட்டது.

"மிஸ், இப்ப இஞ்ச பத்தரைக்கு மேல. இதுக்குள்ள ஐஞ்சு மணி. ஐஞ்சரை மணித்தியாலம் கழிச்சிட்டுப் போகுது."

சொல்லும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவருக்கும்.

"லண்டன்ட மணி" என்றார் ஹஸ்னா. "அந்த இசட் எழுத்துக்கு அதுதான் அக்கா கருத்து. ஜாவாஸ்கிரிப்ட் எங்கட நேரத்தை கிரீன்விச் நேரமா மாத்திக் கட்டி அனுப்புது."

விபரம் இதுதான். நாட்காட்டியில் ஒரு நாளைத் தொட்டால், போன் அதை அந்த நாள் தொடங்குகிற கணமாக, அதாவது நடுச்சாமம் பன்னிரண்டு மணியாக, வைத்துக்கொள்கிறது. அனுப்பும்போது அதிலிருந்து ஐந்தரை மணித்தியாலத்தைக் கழித்து உலகப் பொது நேரத்தில் எழுதுகிறது. வெள்ளிக்கிழமை பிறக்கிற நடுச்சாமம், அங்கே வியாழன் பின்னேரம் ஆறரை. தேதியைத் தொடாமல் விட்டால் அதனோடு அனுப்புகிற நேரத்து மணி ஒட்டிக்கொண்டு போகும். பகல் பத்தரையில் ஐந்தரையைக் கழித்தாலும் நாள் மாறாது. என் கன்ட்ரோலருக்குத் தேதி மட்டும்தான் தேவை. மணியை வெட்டி எறிந்துவிட்டு மிஞ்சிய தேதியை, வியாழன் என்று, அப்படியே எடுத்து வைத்தது.

இதில் என்னைத் திகைக்க வைத்தது ஒன்று. பக்கம் சொன்னது பொய்யில்லை. அந்தக் கணம் உலகத்துக்கு ஒரே கணம்தான். என் கன்ட்ரோலர் எடுத்து வைத்ததும், வந்ததைத்தான். இருவரும் தத்தம் வேலையைச் சரியாகச் செய்ய, நடுவில் ஒரு நாள் காணாமல் போனது. கவனமில்லாமல் அமத்தியவர்களுக்கு எல்லாம் சரியாகவே நடந்தது. தொட்டு, பார்த்து, உறுதிப்படுத்தி அனுப்பிய மனிதருக்குத்தான் அந்த ஒரு நாள் பிழையாகிப்போனது.

விதானையார் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன், நீங்க வெள்ளிக்கிழமைதான் போட்டிருக்கிறீங்க."

"அதத்தானே நான் சொன்ன நான்" என்றார். குரலில் கோபம்கூட இல்லை. அவர் மனைவி மட்டும் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தேத்தண்ணி போட உள்ளே போனார்.

திருத்தம் சின்னது. தேதியை ஒரு கணமாக அனுப்பாமல் வருடம், மாதம், நாள் என்று வெறும் எழுத்தாக அனுப்பினால் போதும். எழுத்திலிருந்து யாரும் ஐந்தரை மணித்தியாலத்தைக் கழிக்க மாட்டார்கள். அன்று பின்னேரமே செய்து முடித்தோம். இன்றுவரை அது எழுத்தாகவே போகிறது. பழைய அலுவலகத்துப் பிள்ளைகள் கேட்ட கேள்விக்குப் பதில் இங்கேயே முடிகிறது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் இன்னும் இருந்தது.

கூட்டத்துக்கு நாங்களே போய்ச் சொல்கிறோம் என்றார் ஹஸ்னா. முதலாளி முதலில் தயங்கினார். நாங்கள் விட்ட பிழை என்று சொன்னால் திட்டமே கையை விட்டுப் போகலாம். ஹஸ்னா விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "அந்த மனுசன்ட வாசல்ல போய் உட்காந்து பாத்த ஆள் இவங்க. இவங்கள்ட கேளுங்க" என்று என்னைக் காட்டினார். நான் கண்டதைச் சொன்னேன். முதலாளி கேட்டுவிட்டு, வாகனத்தைத் தானே ஓட்டிக்கொண்டு எங்களோடு வந்தார்.

சங்கக் கட்டடத்தில் நிறையச் சனம். இரண்டு வட்டைக்காரரும் இரண்டு பக்கம் உட்கார்ந்திருந்தார்கள். விதானையார் கதவோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஹஸ்னா எழுந்து முதலில், "அந்தப் பக்கத்தை எழுதின ஆள் நான். வாங்கி வைக்கிற பகுதிய எழுதினவங்க இவங்க. பிழை எங்கட ரெண்டு பேருக்கும் நடுவில. விதானையார்ட கையில பிழையில்ல" என்றார். மண்டபம் சலசலத்தது. விளங்கவில்லை. யாரோ பின்னால் இருந்து, "கொம்பியூட்டர் பிழை விடுமா?" என்று கேட்டார்.

ஹஸ்னா முன் வரிசையில் இருந்த கந்தப்போடியாரைப் பார்த்தார். அவருடைய மகள் லண்டனில் இருப்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும்.

"போடியார், உங்கட மகளுக்கு நீங்க விடியக் காலையில எழும்பின உடனே கோல் எடுத்தா, அங்க என்ன நேரம்?"

"அவள் ஏசுவாள். அங்க இன்னும் ராத்திரி."

"இஞ்ச வெள்ளிக்கிழமை பிறக்கிற நேரம் அங்க?"

கந்தப்போடியார் யோசித்தார். "வியாழக்கிழமை. பின்னேரம்போல இருக்கும்."

"விதானையார் வெள்ளிக்கிழமை எண்டுதான் போட்டார். நாங்க எழுதின பக்கம் அதை லண்டன்ட கணக்குக்கு மாத்தி அனுப்பிட்டு. அங்க அது இன்னும் வியாழக்கிழமை. எங்கட மத்தப் பக்கம் அந்த வியாழனை வாங்கி, இஞ்சத்த வியாழன் எண்டு எழுதிட்டு."

கந்தப்போடியாருக்குச் சிரிப்பதா ஏசுவதா என்று தெரியவில்லை. கடைசியில், "அப்ப என்ட வயலுக்குள்ள வந்த தண்ணி லண்டன்ட தண்ணி!" என்றார். மண்டபமே சிரித்துவிட்டது. அவர் நட்டத்துக்கு எங்கள் கம்பனி தன் பங்கைச் செய்தது. சாய்ந்த நெல்லைக் கையால் வெட்டிக் கொடுக்கக் கீழ் வட்டையிலிருந்து ஆட்கள் போனார்கள்.

கூட்டமைப்பின் தலைவர் எழுந்து, விசயம் தெளிவாகிவிட்டது, விதானையார் பழையபடி பொறுப்பில் இருப்பார் என்று அறிவித்தார். கை தட்டினார்கள். எனக்கும் நிம்மதி. எல்லாம் முடிந்தது என்று பையை எடுத்துக்கொண்டேன்.

"எனக்கு வேணாம்" என்றார் விதானையார்.

கதவோரத்திலிருந்து அவர் முன்னுக்கு வந்தார். அவர் இவ்வளவு பேசி நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

"போன கிழமை அந்தப் போனுக்குள்ள வியாழன் எண்டு நிண்ட. நான் பொய்யன் எண்டீங்க. இண்டைக்கு இந்த ரெண்டு பிள்ளைகளும் வந்து, போன்தான் பிழை எண்டு சொல்லுதுகள். நான் நல்லவன் எண்டுறீங்க. அண்டைக்கும் அதத்தான் நம்பினீங்க, இண்டைக்கும் அதத்தான் நம்புறீங்க. இத்தினை வருசம் உங்களோட நிண்ட நான். வெள்ளிக்கிழமைதான் போட்ட எண்டு என்ட வாயால சொன்ன நேரம், ஒருத்தன், ஒரே ஒருத்தன், 'ஓம், நீங்க சொன்னாச் சரி' எண்டு சொன்னானா?"

ஹஸ்னா தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் இந்தப் பிழையைக் கண்டுபிடித்த சந்தோசத்தில் இருந்தோம். இந்தக் கேள்விக்கு எங்கள் பக்கத்திலும் கன்ட்ரோலரிலும் தேடிப் பார்க்க இடமில்லை.

கந்தப்போடியார்தான் எழும்பினார். சால்வையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"நானும் கேக்கல்ல, பூபாலப்பிள்ளை. வயலுக்குள்ள தண்ணியக் கண்ட உடனே எனக்குக் கண் தெரியல்ல. உங்கள்ட்ட வந்து ஒரு சொல் கேட்டிருக்கணும். இனி என்ன செய்யணும் எண்டு நீங்க சொல்லுங்க."

விதானையார் அவர் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார், "தண்ணி திறக்க முதல் என்னட்டக் கேக்கணும். போனைப் பாத்துத் திறக்கிற வேலை வேணாம். கதைச்சுக் கேக்கணும். அப்பிடி எண்டா நான் நிக்கிறன்."

வாகனத்தில் திரும்பும்போது ஹஸ்னா என்னைப் பார்த்தார். "செய்யலாமா, அக்கா?"

"செய்யலாம், மிஸ்."

அந்தத் திட்டத்துக்கு நான் எழுதியவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். துருசு திறக்கிறவர் போனில் பார்க்கிற பக்கத்தில் ஹஸ்னா ஒரு சின்னப் பெட்டியை வைத்தார்: "விதானையாரோடு கதைத்தேன்." அதற்குச் சரி போடாமல், துருசைத் திறக்கிறேன் என்று அவர் அனுப்பினால் என் கன்ட்ரோலர் ஏற்காது, திருப்பி அனுப்பிவிடும். முதலாளி இது பின்னோக்கிப் போகிற வேலை என்றார். தண்ணீரைக் கேட்க ஒரு போன், திறக்க இன்னொரு போன் என்றால் எங்களுக்கு என்ன வேலை என்றும் கேட்டார். ஆனாலும் தடுக்கவில்லை.

புது ஏற்பாடு தொடங்கிய அன்று காலை, என்ன வருகிறது என்று பார்க்க சேர்வரின் பதிவைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். கீழ் வட்டைக்குத் திறக்கிறேன் என்ற அறிவிப்பு வந்தது. சரி போடாமல் வந்தது, பழைய பழக்கம். கன்ட்ரோலர் திருப்பி அனுப்பியது. இனி கதைத்துவிட்டு உடனே வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. தேத்தண்ணி ஊற்றிக் குடித்து முடித்தேன். அப்போதும் வரவில்லை. எங்கேயாவது பிழையாகிவிட்டதோ என்று எழுந்து ஹஸ்னாவைக் கூப்பிடப் போன நேரம், வந்தது. சரி போட்டு, வெள்ளிக்கிழமை என்று, ஒழுங்காக.

இடையில் அவ்வளவு நேரம் என்ன நடந்தது என்பதை அறியாமல் என்னால் இருக்க முடியவில்லை. துருசு திறக்கிறவருக்கே போன் எடுத்தேன்.

"தம்பி, பக்கத்தில ஏதும் பிரச்சினையா? இவ்வளவு நேரம் எடுத்த?"

"ஒரு பிரச்சினையும் இல்ல, மிஸ். விதானையாரோட கதைச்ச. வெள்ளிதான் எண்டு உடனே சொல்லிட்டார்."

"பிறகு என்ன அவ்வளவு நேரம்?"

"என்ட அம்மாட கால் வருத்தம் எப்பிடி எண்டு கேட்டார், மிஸ். அதச் சொல்லிக்கொண்டிருந்த நான்."